நான் கத்தியை நீட்டவில்லை, மடக்கினேன்

லா வெர்னியெட், ஓப்ராக் மேட்டுநிலம்
அக்டோபர் 9

'மேட்டுநிலச் செய்தி' வார இதழின் ஆசிரியர் திரு. தியெரி கல்மெல்ஸ் அவர்களுக்கு, காலஞ்சென்ற அந்தோனன் வேசாத்தின் மனைவி ஒதீல் வேசாத் மரியாதையுடன் எழுதுவது.

நான் கத்தியை நீட்டவில்லை. மடக்கினேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கதவைத் திறப்பதற்கும் சாத்துவதற்கும் உள்ள வேறுபாடு. சென்ற வார இதழின் மூன்றாம் பக்கத்தில், மாட்டுச் சந்தை நிலவரத்துக்குக் கீழே, 'முதியோர் விருந்தில் கத்தியுடன் மூதாட்டி' என்ற தலைப்பில் பதினொரு வரிகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஏழு பிழைகள். எனக்கு வயது எண்பத்தாறு இல்லை, எண்பத்து நான்கு. அலகின் நீளம் இருபது சென்டிமீட்டர் இல்லை, பத்து. அதுவும் திருமணமான ஆண்டில் அளந்தது, அறுபது வருடத்துக்கு மேல் சாணை பிடித்ததில் இப்போது ஒன்பதுதான் இருக்கும். 'விருந்தினர்கள் சிதறி ஓடினர்' என்று போட்டிருக்கிறீர்கள். எங்களில் ஓடக்கூடியவர் யாரென்று எனக்குக் காட்டுங்கள், நான் போய்ப் பார்க்க விரும்புகிறேன். மற்றவற்றை விட்டுவிடுகிறேன், ஏழாவதைத் தவிர. 'சமையலறைக் கத்தி' என்று எழுதியிருக்கிறீர்கள். சமையலறைக் கத்தி மடங்காது, ஆசிரியரே. மடங்காத கத்தியை நான் எப்படிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூசைக்குப் போவேன்?

கடிதத்தை இப்படித் தொடங்கியது முறையல்ல என்று எனக்குத் தெரியும். முதலில் நலம் விசாரி, பிறகு குறையைச் சொல் என்றுதான் கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் தெக்ல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆகவே கேட்கிறேன்: தாங்கள் நலமா? தாயாருக்கு இடுப்பு அறுவை நல்லபடியாக முடிந்ததா? என் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. என் சட்டைப்பைதான் காலியாக இருக்கிறது.

காரணம், அந்தக் கத்தி இப்போது ஊராட்சி அலுவலகத்து இரும்பு அலமாரியில், யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளோடு பூட்டிக் கிடக்கிறது. வருகிற பதினேழாம் தேதி ஊராட்சி மன்றம் கூடுகிறது. இரண்டு விஷயங்களை முடிவு செய்யப்போகிறார்களாம். ஒன்று, கத்தியை எனக்குத் திருப்பித் தருவதா. இரண்டு, வியாழக்கிழமை மதிய உணவுக்கு என்னை இனி ஊர்க்கூடத்துக்குள் விடுவதா. அதுவரை வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்கூடத்துச் சூப்பில் உப்பே இருக்காது, அது வேறு விஷயம். ஆனால் வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் பேசுவது வானொலியோடு. அது தப்பாகச் சொல்வதைத் திருத்துகிறேன், அது கேட்பதில்லை. வியாழக்கிழமைக்காரர்களும் கேட்பதில்லை, ஆனால் அவர்கள் பதிலுக்குத் திட்டுகிறார்கள். அந்த வேறுபாடு என் வயதில் சாதாரணமானதல்ல. அதனால்தான் இந்தக் கடிதம்: பதினேழாம் தேதிக்கு முன்னால் நடந்தது நடந்தபடி உங்கள் இதழில் வரவேண்டும்.

நீங்களும் அங்கே இருந்தீர்கள். இருந்தாலும் நீங்கள் மேடைப் பக்கம் இருந்தீர்கள், நான் நீள மேசையின் தலைமாட்டில் இருந்தேன், ஆகவே என் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். தலைமாட்டில் உட்கார வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கதவிடுக்கு வழியாகக் காற்று வருகிற இடம் அது, மற்ற எல்லோரும் இருமுகிறார்கள், நான் இருமுவதில்லை, எனவே கூடத்தின் பொறுப்பாளர் மதாம் சொலேன் என்னை அங்கே உட்காரவைத்தார். மதாம் சொலேன் இந்த வசந்தத்தில்தான் லியோன் நகரத்திலிருந்து வந்தவர். நல்ல மனசு, நல்ல பல்வரிசை, கூர்மையான பொருள்களைக் கண்டால் மட்டும் பயம். வந்த முதல் வாரமே வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார், கத்தி கொண்டுவரக் கூடாது என்று. ஒவ்வொரு தட்டுப் பக்கத்திலும் அவரே ஒரு கத்தி வைத்தார். முனை உருண்டை, விளிம்பு உருண்டை. வெண்ணெயே அதைப் பார்த்துச் சிரிக்கும்.

"மதாம் வேசாத், உங்க கத்திய வாசல்ல குடுத்துட்டு வாங்களேன்" என்றார்.

"உன் மூக்குக் கண்ணாடிய வாசல்ல குடுத்துட்டு வருவியா, பொண்ணே?"

"அது நான் பார்க்கறதுக்கு, மதாம்."

"இது நான் சாப்பிடறதுக்கு."

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. சட்டத்தை மீறியது நான் ஒருத்திதான், ஏனென்றால் எங்கள் மேசையில் இருந்த முப்பத்திரண்டு பேரில் கத்தி வைத்திருந்தது நான் ஒருத்திதான். இது எனக்கு விருந்தன்றுதான் உறைத்தது. அன்றைக்கு அலிகோவும் சாசேஜும். அலிகோ கரண்டியிலேயே வரும், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் கடைந்தால் கயிறு மாதிரி நீளும், அதற்குக் கத்தி வேண்டாம். சாசேஜுக்கு வேண்டும். மதாம் சொலேனின் கத்தியை வைத்து அழுத்தினால் சாசேஜ் தட்டிலிருந்து துள்ளிப் பக்கத்து ஆள் மடியில் விழுந்தது. முதலில் உகெட் தன் தட்டை என் பக்கம் தள்ளினாள். உகெட் என்னோடு மடத்துப் பள்ளியில் படித்தவள், அன்றிலிருந்து இன்றுவரை எதையும் தானாகச் செய்ததில்லை.

"ஒதீல், இத கொஞ்சம் நறுக்கிக் குடேன்."

"உன் வீட்டுக்காரர் கத்தி எங்கடி?"

"ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு, வீட்டு ஹால்ல. பையன் கண்ணாடி போட்டுக் குடுத்தான், ரொம்ப அழகா இருக்கு."

"அப்ப சாசேஜைக் கொண்டுபோய் அது முன்னாடி காட்டு."

ஆனால் நறுக்கிக் கொடுத்தேன். அடுத்தது செவெரனின் தட்டு. செவெரன் நாற்பது வருடம் மாடு வைத்திருந்தவர், வயிறு உப்பிய மாட்டைத் தன் கத்தியோடு மடங்கியிருக்கும் ஊசியால் குத்திக் காற்றை இறக்கிக் காப்பாற்றியவர். அவர் கத்தி எங்கே? கனடாவில் இருக்கிற மகளைப் பார்க்கப் போனபோது விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம். "அத ஒரு தொட்டில போட்டாங்க ஒதீல், அதுல நகவெட்டியும் ஷாம்புவும் கெடந்துது" என்றார். வேறொன்று வாங்கவில்லையா என்று கேட்டேன். "எதுக்கு? ரொட்டி இப்ப வெட்டியே வருது, மாடும் இல்ல." இப்படியே ஒவ்வொரு தட்டாக வந்தது, பத்தொன்பது தட்டுகள், ஒவ்வொரு தட்டோடும் ஒரு காரணம். கால்சட்டைப் பை ஓட்டையாகிறது என்று மருமகள் எடுத்து வைத்துவிட்டாள். பேரனுக்குக் கொடுத்தது, அவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதால் மூன்று நாள் வெளியே நிறுத்திவிட்டார்கள். காரில் இருக்கிறது, ஆனால் கார் மகன் வீட்டில் இருக்கிறது. உர்பேன் புஜேக்கு எண்பத்தேழு வயது, இரண்டு காதும் கேட்காது. அவர் மட்டும் காரணம் சொல்லவில்லை, தட்டை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பத்தொன்பது தட்டு நறுக்கி முடித்தபோது என் தட்டு ஆறிவிட்டது. நான் இரண்டு வாய் சாப்பிடுவதற்குள், மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருந்த அம்மையார் மேடையேறித் திரையை ஏற்றிவிட்டார். 'இனிய முதுமைக்கு எட்டுப் படிகள்.' முதல் படிக்கான படத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் சைக்கிளில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் கடற்கரைப் பக்கத்தவர், எங்கள் பழக்கம் அவருக்குத் தெரியாது, அவரை நான் குற்றம் சொல்லவில்லை. இந்த நேரத்தில்தான் அலிகோவின் ஓர் இழை என் கத்தியின் கீலுக்குள் போய் மாட்டியது. காய்ந்தால் கல்லாகிவிடும். அலகை ரொட்டியில் துடைத்தேன், அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன், கத்தியை மடக்கினேன். நடந்தது இவ்வளவுதான்.

அந்தோனனின் கத்திக்கு வில் கெட்டி. மடக்கினால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். கூடமெல்லாம் கேட்கும் சத்தமில்லை, ஆனால் மேசையில் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் என்ன பொருள் என்று உங்கள் வாசகர்களில் பாதிப்பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேசைத் தலைமாட்டில் இருப்பவர் கத்தியைத் திறந்தால் சாப்பாடு தொடங்கியது, மடக்கினால் முடிந்தது. வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு எழ வேண்டும். வேலையாள், விருந்தாளி, பாதிரியார், யாராக இருந்தாலும்.

எழுந்தார்கள். முப்பத்தொரு பேரும் எழுந்தார்கள். முப்பத்தொரு நாற்காலி ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேடைப் பக்கம் இருந்த மேயர் பெசியேர் பாதி எழுந்து, அம்மையாரைப் பார்த்து, மறுபடி பாதி உட்கார்ந்தார். அரசியலில் இருப்பவர் அப்படித்தான் எழ முடியும். மற்றவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு, வரிசையாக வெளியே போனார்கள். மடக்கியவள் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை, நானும் போனேன். எங்களைக் கூட்டிவரும் பேருந்தின் ஓட்டுநர் ஜொரிஸ் எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். சர்ச் கட்டடத்தைத் தாண்டிப் பால் பண்ணை வரை போன பிறகுதான் உகெட் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, நாம ஏன் வந்துட்டோம்?"

"சாப்பாடு முடிஞ்சுதுல்ல" என்றார் செவெரன்.

"எங்க முடிஞ்சுது? எனக்கு ஆப்பிள் கேக்கே வரல!"

"எனக்குந்தான் வரல."

"அப்ப யாருக்கு வந்துது?"

யாருக்கும் வரவில்லை. வண்டிக்குள் ஒரு முணுமுணுப்பு. ஜொரிஸ் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் கோட்டோட வந்து நின்னீங்க, நான் எடுத்துட்டேன். திருப்பவா?"

"வேண்டாம்ப்பா" என்றார் செவெரன். "எழுந்தாச்சு. எழுந்துட்டுத் திரும்பப் போய் உக்காந்தா என்ன நெனப்பாங்க?"

கேக் இல்லாமல் வீட்டுக்குப் போனோம்.

அங்கே என்ன நடந்தது என்பதைப் மேடைப் பக்கம் விருந்தாளியாக இருந்த பாதிரியார் அக்போசுதான் பிறகு சொன்னார். அம்மையார் கண்டது இவ்வளவு: ஒரு கிழவி, அவள் கையில் கத்தி, ஒரு சத்தம், கூடமே எழுந்து வாசலைப் பார்த்து நடக்கிறது. அவர் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போலீசைக் கூப்பிட்டார். பின் ஜன்னல் வெளிச்சத்தில் அவர் நிழல் திரையின் முன்பக்கம் தெரிந்ததாம், சைக்கிள்காரரின் மடியில் உட்கார்ந்த மாதிரி.

நான்கு மணிக்குப் போலீஸ் என் வீட்டுக்கு வந்தது. இரண்டு பேர். ஒருவர் தலைமைக் காவலர் நியெல், செவெரனின் அண்ணன் மகன், ஞானஸ்நானத்தின்போது அவரைத் தூக்கியவளே நான்தான். இன்னொருத்தி வெளியூர்ப் பெண், குறிப்பெடுக்க வந்தவள்.

"மன்னிச்சுக்குங்க மதாம், கேக்க வேண்டியது என் கடமை. கத்தி திறந்திருந்துதா, மூடியிருந்துதா?"

"எப்போப்பா?"

"சம்பவம் நடந்தப்போ."

"மூடினதுதாம்ப்பா சம்பவம்."

குறிப்பெடுத்தவளின் பேனா நின்றது. நியெல் அவளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை பேர் எழுந்தாங்க?"

"முப்பத்தொரு பேர்."

"எங்க சித்தப்பாவுமா?"

"உங்க சித்தப்பாதான் மத்தவங்களுக்குக் கோட்டு எடுத்துக் குடுத்தார்."

நியெல் மெதுவாக விசிலடித்தார். பிறகு, புகார் வந்துவிட்டதால் கத்தியை எடுத்துப் போய் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்காமல் முடியாது என்றார். கொடுத்தேன். இங்கேதான் ஒரு சின்னத் தவறு நடந்தது, அதற்கு நியெலைக் குறை சொல்லக் கூடாது, அவர் வளர்ந்த வீடு அப்படி. கத்தி சும்மா கை மாறினால் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் நடுவே உறவு அறுந்துபோகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அவர் பையைத் துழாவி ஒரு பத்து சென்ட் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்தார். நானும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டேன். வெளியூர்ப் பெண் அதைப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டாள். இப்போது ஊராட்சிச் செயலாளர் கேட்கிறார்: அரசு இந்தக் கத்தியைப் பறிமுதல் செய்ததா, விலைக்கு வாங்கியதா? வாங்கியிருந்தால் எதற்குத் திருப்பித் தர வேண்டும்? மன்றத்தில் இதுவும் வருகிறது.

சரி. வியாழக்கிழமை எனக்கு அடைத்துவிட்டார்கள், கையில் நேரம் இருக்கிறது. ஆசிரியரே, உண்மையைச் சொன்னால் கோபத்தைவிட எனக்கு ஆவல்தான் அதிகம். கத்தி வைத்திருக்கும் வழக்கம் குறைந்துவிட்டது என்று உங்கள் இதழில் போன வருடமே ஒருவர் கண்ணீர் வடித்திருந்தார். நான் கண்ணீர் வடிக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. முப்பத்தொரு பேருடைய பையில் கத்தி இல்லை. சிலருக்கு முப்பது வருடமாக இல்லை. அப்படியிருக்க, சத்தத்துக்கு ஏன் எழுந்தார்கள்? வழக்கம் போய்விட்டதென்றால் எழுந்தது யார்? நான் ஒரு குறிப்பேடு வாங்கி முப்பத்தொரு பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டம் போட்டேன். பையில் இப்போது என்ன இருக்கிறது. அன்றைக்கு ஏன் எழுந்தீர். முதலில் எழுந்தது யார். பிறகு வீடு வீடாகப் போனேன்.

முதல் கட்டம் எளிது. கைபேசி பதினாறு பேர். மாத்திரை டப்பா இருபத்திரண்டு பேர். கைக்குட்டை, சர்ச் உண்டியலுக்கு வைத்த சில்லறை, இறந்துபோன நாயின் பிஸ்கட் ஒன்று (பெயர் சொல்லமாட்டேன்), இரண்டு பேருக்குப் பையே இல்லை, மருமகள்கள் வாங்கித் தரும் கால்சட்டையில் பை தைப்பதில்லையாம். மூன்று பேர் என்னை வாசலிலேயே நிறுத்திப் பையை வெளியே இழுத்துக் காட்டினார்கள், சுங்கத்துறைக்குக் காட்டுவதுபோல.

இரண்டாம் கட்டத்தில்தான் மனிதர்கள் பொய் சொல்லத் தொடங்கினார்கள். கழிவறைக்கு எழுந்தேன் என்றவர்கள் ஒன்பது பேர். ஊர்க்கூடத்தில் கழிவறை ஒன்றுதான், அது எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. மற்றவர்கள் எழுந்தார்கள், நானும் எழுந்தேன் என்றவர்கள் பதினான்கு பேர். உகெட்டும் முதலில் கழிவறைதான் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தெக்ல் அப்படித்தான் எங்களைப் பார்ப்பார், அவளால் தாங்க முடியாது.

"சரிடி, சொல்றேன். கரண்டி வாயிலதான் இருந்துது. எனக்கு எழுந்துக்கணும்னே இல்ல. காலு எழுந்துடுச்சு. நான் அது கூட போனேன்."

"சத்தம் கேட்டுதா?"

"கேட்டுதான்னு தெரியல. ஆனா எங்க மாமனார் முகம் ஞாபகம் வந்துது. அவர் செத்து நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஏண்டி அந்தாளு அங்க வரணும்?"

இதை அப்படியே எழுதிக்கொண்டேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

மூன்றாம் கட்டம்தான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. முதலில் எழுந்தது யார் என்று கேட்டதில் பதினெட்டுப் பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள்: உர்பேன் புஜே. ஆனால் உர்பேனுக்குக் காது கேட்காது. சர்ச் மணியை அவர் தரையில் கால் வைத்து உணர்கிறார். என் கத்திச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும்? போனேன். பலகையில் எழுதிக் காட்டித்தான் பேச வேண்டும், அவர் பதிலைக் கத்திச் சொல்வார், பக்கத்துத் தெருவுக்கும் செய்தி போய்விடும்.

'எப்படிக் கேட்டது?' என்று எழுதினேன்.

"கேக்கல!" என்று கத்தினார். "பாத்தேன்!"

'எதை?'

"உங்க ரொட்டிய! கத்தியத் துடைச்சீங்க! துடைச்ச ரொட்டியத் தின்னீங்க! அதுக்கப்புறம் என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அப்பா ரொட்டிய எடுத்தாலே வேகமா முழுங்குவோம்! அன்னிக்கும் முழுங்குனேன்! பாருங்க, நெஞ்ச அடைச்சுக்கிச்சு!"

ஆக, சத்தம் வருவதற்கு முன்பே அவர் எழத் தொடங்கியிருக்கிறார். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது அவர் காட்டவில்லை. பிறகு காட்டினார். ஒன்றுமில்லை. கத்தி இருந்த இடத்தில் துணி மட்டும் நீளவாக்கில் தேய்ந்து, வழுவழுவென்று, கத்தியின் வடிவத்திலேயே இருந்தது. கத்தி தொலைந்து ஐந்து வருடமாம். புதிது வாங்கவில்லையா என்று எழுதினேன். "எனக்கு வயசாச்சு மதாம்!" என்று கத்தினார். "புதுக் கத்தி என்னைப் பழகணும், நான் அதைப் பழகணும்! யாருக்கு நேரம் இருக்கு!"

இந்த வட்டாரத்தில் என்னைத் தவிர தினமும் பையில் கத்தி வைத்திருப்பவர் இன்னும் ஒரே ஒருவர் என்பதையும் இந்த விசாரணையில்தான் கண்டுபிடித்தேன். பாதிரியார் அக்போசு. பெனின் நாட்டிலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறது, ஆறு சர்ச்சுகளுக்கு ஒரு பழைய காரில் ஓடிக்கொண்டிருக்கிறார். வந்த புதிதில் இங்கே வாங்கிய கத்தி, கொம்புப் பிடி, அதில் ஆறு பித்தளை ஆணியால் சிலுவை. அதை வைத்து ஆப்பிள் சீவுகிறார், மெழுகுவர்த்தி அடியைச் செதுக்குகிறார், ஒருமுறை திருமண மோதிரப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"ஃபாதர், நீங்க அன்னிக்கு எழுந்திரிக்கலயே?"

"இல்லியே மதாம். எல்லாரும் எழுந்ததும் எனக்குப் பயமாப் போச்சு. ஏதோ ஜெபத்த விட்டுட்டமோன்னு நெனச்சேன். மனசுக்குள்ள ரெண்டு சொன்னேன். அப்புறம் கேக் வந்துது."

"சாப்பிட்டீங்களா?"

"மூணு துண்டு. வீணாப் போகக் கூடாதில்ல?"

இதையும் எழுதிக்கொண்டேன். கத்தி வைத்திருப்பவர் உட்கார்ந்திருக்கிறார், வைத்திராதவர்கள் எழுந்து போகிறார்கள். இதற்கு என்ன விளக்கம்? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நான் தெரியாது என்றுதான் எழுதுவேன், உங்கள் பதினொரு வரிக்காரரைப்போல 'பரபரப்பு' என்று எழுதமாட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த இதழில், அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள்: மதாம் வேசாத் யாரையும் மிரட்டவில்லை, கீலில் மாட்டிய அலிகோவைத் துடைத்துக் கத்தியை மடக்கினார், மற்றது பழக்கத்தின் விளைவு. இதை மேயர் படிப்பார், செயலாளர் படிப்பார், மதாம் சொலேனும் படிப்பார். அவர் நேற்று என்னைத் தெருவில் பார்த்து, "வியாழக்கெழம மேச ரொம்ப அமைதியா இருக்கு மதாம், யாரும் யாரையும் திட்ட மாட்டேங்கறாங்க" என்றார், கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். கத்தி திரும்பி வந்தால் நியெலின் பத்து சென்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், கணக்கு நேராகிவிடும்.

தங்கள் தாயார் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவும், தங்கள் இதழில் பிழைகள் குறையவும் இறைவனை வேண்டுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒதீல் வேசாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையையும் ஒட்டிவிட்டு ஒரு கோப்பை காப்பி குடித்தேன். குடித்து முடிக்க முடியவில்லை. உறையை விரலால் கிழித்துத் திறந்தேன், ஓரம் பிய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், உறை பிரிக்கும் கருவி எங்கே பூட்டிக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அலிகோ இழை கீலில் மாட்டியது உண்மை. துடைத்ததும் உண்மை. ஆனால் கத்தியை மடக்கியது அதற்காக இல்லை. இழையை எடுத்த பிறகும் கத்தியைத் திறந்தபடியே வைத்திருக்கலாம். நான் வேண்டுமென்றேதான் மடக்கினேன்.

அந்தோனன் நல்ல மனிதர், ஆனால் வேகமாகச் சாப்பிடுபவர். நான் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்காரும்போது அவர் கத்தியை ரொட்டியில் துடைத்துக்கொண்டிருப்பார். டக்கென்று கேட்கும். வேலையாட்களோடு நானும் எழுவேன். ஐம்பத்தாறு வருடம் அப்படி எழுந்தேன். பாலாடைக்கட்டியை உட்கார்ந்து முழுதாகத் தின்றது அவர் போன பிறகுதான். மடக்குகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கேள்வி, யாரிடமும் கேட்டதில்லை. ஆறு வருடமாக என் வீட்டு மேசையில் மடக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, எழ யாரும் இல்லை. அந்த வியாழக்கிழமை நான் தலைமாட்டில் இருந்தேன், முப்பத்தொரு பேர் இருந்தார்கள், அம்மையார் முதல் படியில் இருந்தார், இன்னும் ஏழு படி பாக்கி இருந்தது. ஒரு பெண் பிள்ளை மடக்கினால் எழுவார்களா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. மடக்கினேன்.

நன்றாக இருந்தது, ஆசிரியரே. மிகவும் நன்றாக இருந்தது.

இதைப் படித்தால் மன்றம் கத்தியைத் தராது, வியாழக்கிழமையையும் தராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதத்தை வெளியிட்டால் இந்தப் பின்குறிப்போடு வெளியிடுங்கள், இல்லையென்றால் வெளியிடவே வேண்டாம். பாதி உண்மையை எழுதி வாங்கிய கத்தியால் நான் ரொட்டி வெட்டமாட்டேன்.

இன்னொன்று. நீங்கள் அன்றைக்கு மேடை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு வயது முப்பத்தெட்டு. உங்கள் கையில் கத்தியை நான் பார்த்ததில்லை, உங்கள் தந்தையிடமும் இல்லை, அவர் பல் மருத்துவர். நான் மடக்கியதும் நீங்களும் எழுந்தீர்கள், வாயில் சாசேஜோடு. கேமரா மடியிலிருந்து தரையில் விழுந்தது. உங்கள் பதினொரு வரியில் இது இல்லை. என் குறிப்பேட்டில் முப்பத்திரண்டாவதாக உங்கள் பெயரை எழுதி மூன்று கட்டமும் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பவும்.